பாளையங்கோட்டை பூல் கிளப்பின் ஆண்டுப் போட்டி: டேபிள் அருமை, அழைப்புப் பட்டியல் சரியில்லை

பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் இயங்கும் பூல் கிளப்பையும், அது ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நடத்தும் நைன் பால் போட்டியையும் பற்றியது இந்த மதிப்புரை. நைன் பால் என்பது ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகளைக் கியூ என்னும் கோலால் ஆடி, ஒன்பதாம் பந்தைப் பாக்கெட்டில் போடுகிறவர் வெல்லும் பூல் வகை. கிளப்பின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். குறை சொல்லப் போகிற இடத்தில் பெயரையும் போட்டு, நாளைக்கு அதே படியேறிப் போய் டேபிள் கேட்பது அவ்வளவு நன்றாக இராது. தவிரவும், நெல்லை வட்டாரத்தில் ஒன்பதடி டேபிளில் முறையாக ஆடுகிறவர்கள் ஒரு சிறிய கூட்டம்தான் என்பதால், தெரிய வேண்டியவர்களுக்கு எந்த இடம் என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

முதலில் டேபிள்கள். முன்கூடத்தில் இருக்கும் இரண்டும் ஒன்பதடி என்று சொல்லப்படும் முழு அளவுப் போட்டி டேபிள்கள். ஆடுபரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். நம் பக்கத்தில் பலரும் ஸ்நூக்கர் டேபிளில் கியூ பிடித்துப் பழகிவிட்டுப் பிறகு பூலுக்கு வருகிறவர்கள் என்பதால், இந்த டேபிளைப் பார்த்ததும் சின்னதாக இருக்கிறதே, சுலபமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். பந்து பெரிதாகவும் கனமாகவும் இருப்பதால் ஒன்றையொன்று மறைப்பதும் அதிகம், டேபிள் ஓரத்துக் குஷனில் பட்டுத் திரும்பும் விதமும் வேறு. வெள்ளைப் பந்தை அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் நிறுத்துவதற்குக் கையை மாற்றிப் பழக வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு இந்த முன்கூடத்து டேபிள்களைவிட நல்ல இடம் தாமிரபரணிக் கரையில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. துணிக்கு அடியில் இருக்கும் ஸ்லேட் பலகை மட்டம் பிசகாமல் இருக்கிறது. மெதுவாக உருட்டிவிட்ட பந்து கடைசி ஓர் அடியில் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்து ஓடுவதில்லை. துணியைப் போட்டிக்கு முன்பு புதிதாக மாற்றுகிறார்கள். வழுவழுப்பான, வேகமான துணி. ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு பையன் வந்து தூரிகையால் ஒரே திசையில் துணியை நீவி, பந்துகளை ஈரத் துணியால் ஒரு தரமும் உலர்ந்த துணியால் ஒரு தரமும் துடைத்து, ஒன்பதாம் பந்தை மட்டும் விளக்கை நோக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறான். ஏன் அதை மட்டும் பார்க்கிறான் என்று கேட்டால் சிரிக்கிறான்.

பின்கூடத்து டேபிள்கள் இரண்டும் அப்படியல்ல. துணி பழையது, தொடக்க அடியான பிரேக் அடிக்கும் இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கிறது. ஒரு டேபிளில் நடு பாக்கெட்டின் ஓரம் தேய்ந்திருப்பதால், விழ வேண்டிய பந்து வாயில் நின்று ஆடிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. குளிர்சாதனம் அங்கே கிடையாது. வெயில் காலத்து நெல்லையில் அதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை: உள்ளங்கை வேர்த்து கியூ விரலிடுக்கில் ஒட்டிக்கொள்ளும், பவுடர் போட்டால் அது துணியில் கொட்டும். சாதாரண நாட்களில் பின்கூடத்துக்கு மணிக்கு 120 ரூபாயும் முன்கூடத்துக்கு 180 ரூபாயும் வாங்குகிறார்கள். வித்தியாசத்துக்கு ஏற்ற விலைதான், புகாரில்லை. கிளப் கியூக்களில் பாதிக்கு நுனியில் ஒட்டிய டிப் சரியில்லை, சொந்தக் கியூ கொண்டுபோவது உத்தமம். தேநீர் கீழே கடையிலிருந்து வருகிறது, நன்றாக இருக்கும். கழிப்பறை சுத்தம். வண்டி நிறுத்த இடம் கிடையாது என்பதால் சந்துக்குள் நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக் காவலாளியிடம் நல்லபடியாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் இடத்தைப் பற்றி. நான் எழுத உட்கார்ந்தது போட்டியைப் பற்றி.

போட்டியின் நிர்வாகத்தில் பாராட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. குலுக்கல் எல்லார் முன்னிலையிலும் நடக்கிறது. அறிவித்த நேரத்துக்கு ஆட்டம் தொடங்குகிறது. கால் மணி நேரம் தாமதித்தால் ஒரு ரேக் (பந்துகளை ஒரு முறை அடுக்கி ஆடி முடிப்பது) எதிராளிக்கு என்ற விதியை எழுதி ஒட்டியதோடு நிற்காமல் செயல்படுத்தவும் செய்கிறார்கள். முதன்மைச் சுற்றில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நடுவர் நிற்கிறார். எந்தப் பந்து முதலில் பட்டது என்ற தகராறு நம் ஊர் பூல் பார்லர்களில் எந்த அளவுக்குப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பரிசுத் தொகை மேடையிலேயே கையில் கொடுக்கப்படுகிறது. இந்த வட்டாரத்தில் சில போட்டிகளில் வென்றவர் பரிசுக்காக மாதக் கணக்கில் தொலைபேசியில் அலைய நேர்ந்ததை நினைத்தால், இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் இருப்பது யார் ஆடுகிறார்கள் என்பதில். முதன்மைச் சுற்றில் 32 இடங்கள்; நாக்-அவுட் முறை; ஏழு ரேக் முதலில் எடுப்பவர் வெற்றி. இதில் போட்டி தொடங்கிய ஆண்டு முதல் பட்டம் வென்ற ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுவதும் நேரடி நுழைவு உண்டு என்று கிளப் விதி வைத்திருக்கிறது. அப்படி இப்போது எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எட்டுப் பேரையும் குலுக்கலில் எட்டுத் தனித்தனிப் பகுதிகளில் வைத்து, கால் இறுதிக்கு முன்னால் ஒருவரையொருவர் சந்திக்காதபடியும் பார்த்துக்கொள்கிறார்கள். மிச்சமிருக்கும் 24 இடங்களுக்குத் தலைக்கு 1,000 ரூபாய் கட்டி எழுபதுக்கும் மேற்பட்டோர் பின்கூடத்தில் தகுதிச் சுற்று ஆடுகிறார்கள். அங்கே ஐந்து ரேக்தான், நடுவரும் கிடையாது.

முன்னாள் சாம்பியனுக்கு அழைப்பு கொடுப்பதில் நியாயமே இல்லை என்று சொல்கிறவன் நானல்ல. அதற்கான நியாயத்தை இந்தப் போட்டியிலேயே கண்ணால் பார்த்தேன். போட்டியின் தொடக்க ஆண்டுகளில் பட்டம் வென்றவர், இப்போது அறுபதை ஒட்டியவர், கிளப்பில் எல்லாருக்கும் அண்ணாச்சி. சட்டைப் பையில் கியூ நுனியில் தேய்க்கும் சாக், காதோரத்தில் கண்ணாடி. எதிரே தூத்துக்குடியிலிருந்து வந்த, நல்ல வேகமும் அதைவிட நல்ல பிரேக்கும் உள்ள ஓர் இளைஞர். ஒரு ரேக்கில் இளைஞர் முதல் பந்தை பாக்கெட்டில் போட்டுவிட்டு இரண்டைத் தவறவிட்டார். அந்த இரண்டாம் பந்து எட்டாம் பந்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நைன் பாலில் டேபிளில் இருக்கும் மிகச் சிறிய எண்ணுள்ள பந்தைத்தான் முதலில் தொட வேண்டும் என்பதால், நேர்வழி அடைபட்டுப் போயிற்று. அண்ணாச்சி டேபிளை ஒரு முறை சுற்றிவந்தார். நீளக் குஷனில் ஓர் இடத்தைக் கியூவின் நுனியால் தொடாமல் காற்றிலேயே சுட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வெள்ளைப் பந்தைக் குஷனில் தட்டி இரண்டாம் பந்தின் மீது ஏற்றினார். இரண்டு மறுகோடிக்கு ஓடிக் குஷனைத் தொட்டு நின்றது, வெள்ளைப் பந்து ஆறாம் பந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இளைஞரால் இரண்டைத் தொடவே முடியவில்லை, ஃபவுல். விரும்பிய இடத்தில் வைத்து ஆட வெள்ளைப் பந்தைக் கையில் வாங்கிய அண்ணாச்சி இரண்டிலிருந்து ஒன்பது வரை நிறுத்தாமல் எடுத்துவிட்டார். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குத்தான், எதிராளிக்கு அடி கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை ஒளித்துவைக்கும் சேஃப்டி என்பது ஒரு தாக்குதல் ஆட்டம் என்று கற்றிருப்பார்கள். ஆட்டத்தை அண்ணாச்சி 7-4 என்று தோற்றார். ஆனாலும் இளைஞர் வந்து கை கொடுத்துவிட்டு, “அந்த ரெண்டு இங்கன நிக்கும்போது எங்க பாத்தீங்க அண்ணாச்சி?” என்று கேட்டுக் குஷனில் அந்த இடத்தைக் காட்டச் சொன்னார்.

இதை எந்தத் தகுதிச் சுற்றும் தராது. பார்வையாளர்கள் வருவதும், விளம்பரப் பலகை வைக்கிற கடைக்காரர்கள் பணம் கொடுப்பதும் இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களின் பெயருக்காகத்தான் என்று கிளப்காரர்கள் சொல்வதையும் நான் நம்புகிறேன். உலக அளவிலும் பழைய சாம்பியன்களை ஏளனமாக எடை போட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் கார்லோ பியாதோ 2017இல் உலக நைன் பால் பட்டம் வென்றார். இடையில் அந்தப் பட்டத்தை மற்றவர்கள் மாறி மாறி எடுத்துக்கொண்டிருக்க, எட்டு ஆண்டு கழித்து 2025இல் நாற்பதைத் தாண்டிய வயதில் இறுதி ஆட்டத்தில் ஃபெடோர் கோர்ஸ்டை 15-13 என்று வென்று மறுபடியும் சாம்பியனானார். ஆனால் அந்த எட்டு ஆண்டும் அவர் சர்வதேசப் போட்டிகளில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தார். 2021இல் அமெரிக்க ஓப்பன் நைன் பால் பட்டமும் எடுத்தார். 2025க்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஆட்டங்கள். 2017இன் கோப்பை தானாகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

அழைப்பு என்பதற்கும் தானாகக் கிடைக்கும் உரிமை என்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் நம் கிளப் கவனிக்கத் தவறுகிறது. டென்னிஸில் 2001ஆம் ஆண்டு விம்பிள்டன் நிர்வாகம் உலகத் தரவரிசையில் 125ஆம் இடத்தில் இருந்த கோரான் இவானிசெவிச்சுக்குச் சிறப்பு அனுமதி கொடுத்தது. அவர் அதற்கு முன் மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றவர். அந்த ஆண்டு பட்டத்தையே வென்றார். அந்த அனுமதி சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்த உரிமையாக வரவில்லை. அந்த ஆண்டு, அந்த ஆட்டக்காரரைப் பார்த்து, கொடுக்கலாம் என்று சிலர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்கிறவர்கள் அடுத்த ஆண்டு வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லும் வழியே இல்லாமல் விதியை எழுதிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு கோல்ஃப் ஆட்டத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றவருக்கு ஆயுள் முழுவதும் இடம் உண்டு. 2002இல் அந்த நிர்வாகம் வயது முதிர்ந்த சில சாம்பியன்களுக்கு இனி ஆட வராமல் இருந்தால் நல்லது என்று கடிதமே எழுத வேண்டியதாயிற்று. அது மனத்தாங்கலாகிப் போய், கொண்டுவந்த வயது வரம்பையும் அவர்களே திரும்பப் பெற்றார்கள். 1970இன் சாம்பியனான பில்லி கேஸ்பர் 2005இல் தம் 73ஆம் வயதில் இறங்கி, அடி குறைவாக எடுப்பவரே வெல்லும் அந்த ஆட்டத்தில் ஒரே குழிக்கு மட்டும் 14 முறை அடித்து, மொத்தம் 106 அடிகளில் சுற்றை முடித்து, கணக்குச் சீட்டைக் கொடுக்காமலே போய்விட்டார். அந்த மாமனிதரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அழைத்தவர்கள் அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டாம். அதே கோல்ஃபில் அமெரிக்க ஓப்பன், வென்றவருக்குப் பத்து ஆண்டு இடம் என்று வரையறுத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஓப்பன் வயது வரம்பு வைத்திருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஸ்நூக்கர். நம் உதகமண்டலத்து கிளப்பில்தான் அதன் விதிகள் உருப்பெற்றன என்பதால் ஒரு சொந்தமும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் குரூசிபிள் அரங்கில் நடக்கும் உலகப் போட்டியில் நடப்புச் சாம்பியனுக்கு முதல் தரவரிசை இடம் உறுதி. அதற்கு முந்திய சாம்பியன்கள், தரவரிசையில் முதல் பதினாறு பேருக்குள் இல்லையென்றால், தகுதிச் சுற்றுக்குத்தான் போக வேண்டும். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹென்ட்ரி 2012இல் ஓய்வு பெற்று, 2020இல் திரும்ப வந்தபோது, தொழில்முறைச் சுற்றில் ஆடுவதற்கான அனுமதியை நிர்வாகம் அழைப்பாகவே கொடுத்தது. ஆனால் 2021 உலகப் போட்டிக்கு அவர் எல்லாரோடும் சேர்ந்து தகுதிச் சுற்றுதான் ஆடினார். முதல் ஆட்டத்தில் ஜிம்மி வைட்டை 6-3 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் சீனாவின் ஷு ஸியிடம் 6-1 என்று தோற்று வீடு திரும்பினார். இதனால் ஹென்ட்ரியின் ஏழு பட்டங்களில் ஒன்றாவது குறைந்ததா? கதவைத் திறந்துவிடுவது அழைப்பின் வேலை. உள்ளே எந்த நாற்காலி என்பதை அன்றைய ஆட்டம் தீர்மானித்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

தொழில்முறை பூல் போட்டிகளில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழாததற்குக் காரணம் எண்ணிக்கை. அமெரிக்க ஓப்பன் நைன் பால் போட்டியை 1976இல் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் பாரி பெர்மன் தொடங்கினார். லாஸ் வேகாஸுக்கு மாறிய 2019இல் அதில் 256 பேர் ஆடினார்கள். தொடங்கிய நாள் முதல் ஆண்டுக்கு ஒரு புதிய சாம்பியன் என்றே வைத்துக் கணக்குப் போட்டாலும், அத்தனை பேருக்கும் நிரந்தர இடம் கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கை எட்டாது. உண்மையில் எர்ல் ஸ்டிரிக்லாண்டும் ஷேன் வான் போயனிங்கும் ஆளுக்கு ஐந்து முறை வென்றிருப்பதால் எண்ணிக்கை இன்னும் குறையும். வேர்ல்டு பூல் மாஸ்டர்ஸ் போல அழைப்பின் பேரில் மட்டுமே நடக்கும் போட்டியில் யாரும் கட்டணம் கட்டிக் காத்திருப்பதில்லை. அது நடத்துகிறவர்களின் விருந்து, யாரை அழைப்பது என்பது அவர்கள் விருப்பம். நம் கிளப் போட்டியோ இரண்டும் கெட்டான். திறந்த போட்டி என்று சுவரொட்டி ஒட்டி எழுபது பேரிடம் கட்டணம் வாங்குகிறது. 32 இடங்களில் நான்கில் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறது. புதிதாக ஒருவர் பட்டம் வெல்லும் ஒவ்வோர் ஆண்டும் திறந்த இடங்களில் ஒன்று குறைகிறது. பரிசுத் தொகையில் பெரும்பகுதி அந்தக் கட்டணத்திலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் ரூபாய் கட்டித் தோற்ற பையன் கட்டணமே கட்டாதவரின் பரிசுக்குப் பங்கு போட்டிருக்கிறான் என்றாகிறது.

இந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர், தென்காசி. பெரும்பாலும் அந்தந்த ஊரில் ஒரு பார்லர் இருக்கும். அதில் ஒரு சின்ன டேபிள், துணி மாற்றி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். ஒன்பதடி டேபிளில் போட்டி ஆடுவதற்கு அவர்களுக்கு இதைவிட்டால் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். காலை முதல் பேருந்தைப் பிடித்து வந்த அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 5-4 என்று தோற்றான். கடைசி ரேக்கில் எதிராளியின் பிரேக்கிலேயே ஒன்பதாம் பந்து பாக்கெட்டில் விழுந்துவிட்டது. நைன் பாலில் அது வெற்றி, சட்டப்படி சரி. ஐந்து ரேக் ஆட்டத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம் முழு ஆட்டத்தையும் தூக்கிக் கொடுத்துவிடும் என்பதால்தான் பெரிய போட்டிகளில் ரேக் எண்ணிக்கையைக் கூட்டி வைக்கிறார்கள். 2005 உலக நைன் பால் இறுதி ஆட்டத்தில் 17 ரேக் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. அதில் 17-16 என்று வென்றவர் வூ ஜியா-சிங் என்ற 16 வயதுப் பையன். கதவு திறந்திருந்ததால் உள்ளே வந்த ஒரு சிறுவன் உலகச் சாம்பியனான கதை அது. நம் கிளப்பிலோ அதிர்ஷ்டத்துக்கு அதிக இடமுள்ள குறுகிய ஆட்டத்தைப் புதியவர்களுக்கும், திறமை வெளிப்பட அவகாசமுள்ள நீண்ட ஆட்டத்தைப் பட்டம் உள்ளவர்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இடங்களைக் குறைத்ததைவிட எனக்கு இது அதிகம் உறுத்துகிறது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த மதிப்புரையை எழுதவே வைத்தது. முதன்மைச் சுற்றின் முதல் நாளில் முன்னாள் சாம்பியன்களில் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் வளைகுடாவில் வேலையில் இருக்கிறாராம். இன்னொருவர் பல காலமாகக் கியூவையே தொடவில்லை என்று அவர் நண்பர்களே சொன்னார்கள். வர முடியுமா என்று முன்கூட்டியே யாரும் உறுதி செய்துகொள்ளவில்லை. மாற்று ஆட்டக்காரர் பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கவும் இல்லை. அவர்களை எதிர்த்து ஆட வேண்டியவர்கள் ஒரு பந்துகூட அடிக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். தகுதிச் சுற்றில் ஒரே ஒரு ரேக் வித்தியாசத்தில் வெளியேறியவர்கள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பாசமுத்திரத்துப் பையன் போட்டியை நடத்துகிறவரின் மேசையருகே போய், “அண்ணாச்சி, அவங்க வரல்லேன்னா என்னையச் சேத்துக்கிடக் கூடாதா? கியூ கையிலதான் இருக்கு” என்று கேட்டான். போட்டியை நடத்துகிறவர் நல்ல மனிதர், கடிந்துகொள்ளவில்லை. “விதியில இல்லையே தம்பி, அடுத்த வருசம் பாப்போம்” என்றார். அந்த இரண்டு டேபிள்களும் அன்று மதியம் விளக்கெரிந்தபடி சும்மா கிடந்தன.

முன்னாள் சாம்பியன்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதில் கிளப்காரர்களுக்கு உள்ள ஆசை நியாயமானது. ஆனால் நம் ஊர்க் கோயில் கொடையில் ஊர்ப் பெரியவருக்குப் பரிவட்டம் கட்டுகிறோம் என்பதற்காக, அன்றிரவு வில்லுப்பாட்டையும் அவரே பாட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. தொடக்க விழாவில் பட்டம் வென்ற எல்லாரையும் மேடையேற்றலாம். முன்கூடத்து டேபிளில் அவர்களுக்குள் ஒரு காட்சி ஆட்டம் வைக்கலாம். அண்ணாச்சியின் அந்தச் சேஃப்டியைப் பார்க்கக் காசு கொடுத்தும் கூட்டம் வரும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சுவரில் வென்றவர்களின் படங்கள் இப்போது அலுவலக அறைக்குள் மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை எடுத்து வெளியே கூடத்தில் மாட்டலாம். இவற்றில் எதற்கும் ஒரு புதியவரின் இடம் செலவாகாது.

போட்டி இடத்தைப் பொறுத்தவரை, நடப்புச் சாம்பியனுக்கு நேரடி நுழைவு கேள்வியில்லாமல் கொடுக்கலாம். பட்டத்தைத் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பு போட்டிக்கே சுவை சேர்ப்பது. கடந்த மூன்று ஆண்டுகளில் வென்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் ஐந்து என்று யாராவது சொன்னாலும் சண்டை போட மாட்டேன். அதற்கு முந்தியவர்கள் கட்டணமின்றித் தகுதிச் சுற்று ஆடட்டும். அதிலும் முதல் சுற்றைத் தாண்டி நேராக இரண்டாவதில் இறங்கட்டும். உண்மையில் ஆடத் தெம்பு உள்ளவருக்கு இது நன்மை. இந்த முறை தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர்கள் போட்டி ஆட்டத்துக்குப் பழகி, கை சூடேறி முதன்மைச் சுற்றுக்குள் வந்தார்கள். நேரடியாக வந்த சாம்பியன்களோ புதுத் துணியின் வேகத்தைப் புரிந்துகொள்வதற்குள் இரண்டு மூன்று ரேக் பின்தங்கிவிட்டார்கள். வந்திருந்த ஆறு பேரில் கால் இறுதிக்குப் போனவர் நடப்புச் சாம்பியன் மட்டுமே. குலுக்கலில் இடம் பிரிப்பதைப் பழைய கோப்பையை வைத்துச் செய்யாமல் அந்த ஆண்டின் ஆட்டத்தை வைத்துச் செய்ய வேண்டும் என்பதற்கும் இதுவே சாட்சி. வேறெதையும் மாற்ற மனமில்லை என்றாலும், மாற்று ஆட்டக்காரர் பட்டியலையாவது அடுத்த ஆண்டு வைத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

கிளப்பிடம் இதையெல்லாம் நேரிலேயே சொன்னேன். வென்றவர்களிடம் ஆயுள் முழுவதும் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம், எப்படி மாற்றுவது என்று கேட்டார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைப்பது பெரிய குணம்தான். இனி வெல்கிறவர்களுக்கு மட்டும் புது விதி என்று அறிவித்தால் யாருடைய வாக்கும் முறியாது. பழையவர்களிலும் ஆட வராதவர்கள் இடத்தைத் தாமே விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பார்கள், கேட்க வேண்டியதுதான் பாக்கி. அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, “நான் தகுதிச் சுத்துக்கே வாரேன், எனக்கு ஆடணும், அவ்வளவுதான்” என்றார்.

ஆக, பயிற்சிக்கு இந்தக் கிளப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முன்கூடத்து டேபிளை வார நாட்களில் காலையில் கேளுங்கள், மாலையில் கிடைக்காது. போட்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஏமாற்றம் இராது; நாற்காலிகள் குறைவு, முன்னதாகப் போய்விடுங்கள். ஆடப் போகிற புதியவர்கள் தகுதிச் சுற்றுக்கு முந்திய வாரத்தில் பின்கூடத்து டேபிள்களில் இரண்டு மணி நேரமாவது ஆடிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. ஜன்னல் பக்கத்து டேபிளில் நடு பாக்கெட்டை நம்பாதீர்கள், மூலை பாக்கெட்டுக்கே அடியுங்கள். சொந்தக் கியூவோடு ஒரு கைத்துண்டும் கொண்டுபோங்கள். கட்டணம் கட்டும்போதே மாற்று ஆட்டக்காரர் பட்டியல் உண்டா என்று ஒவ்வொருவரும் கேட்டு வையுங்கள். எழுபது பேரும் கேட்டால் அடுத்த ஆண்டு அது இருக்கும்.